அடிக்கதவு

எங்கள் ஒயின் ஆலையில் ஹோஸ் குழாய் இழுக்கும் வேலையைப் பெண்களுக்குக் கொடுப்பதில்லை. சாய்லிங்குக்கு மட்டும் கொடுத்திருந்தார்கள். மணிக்கட்டுப் பருமன் ரப்பர் குழாய் அது. உள்ளே ஒயின் பாயும்போது பிடித்தவரையே திமிறித் தள்ளும். அவள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, இடுப்பு வளையாமல் தொட்டி ஏணியில் ஏறுவாள். அவள் கணவன் தேஜுனும், அவனுடைய தம்பி லாய்ஃபுவும் அதே தொட்டிக்கூடத்தில்தான் வேலை பார்த்தார்கள். நான் கூடத்துக்கு வெளியே, திராட்சை தரம்பிரிக்கும் மேசையில்.

நாங்கள் எல்லோருமே தெற்கு மலைகளிலிருந்து வந்தவர்கள். மழை பொய்த்துப்போன ஊர்களை அரசாங்கத்தார் காலி செய்து எங்களை இந்த ஹெலான் மலையடிவாரத்தில் வரிசை வீடுகளில் குடியமர்த்தினார்கள். சரளைக்கல் பூமி. திராட்சைக்கு இதுதான் பிடிக்கும் என்றார்கள். எங்களுக்குப் பிடிக்குமா என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் சம்பளம் ஒழுங்காக வந்தது, குழாயில் தண்ணீர் வந்தது, அதனால் நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை.

லாய்ஃபு சிரிக்கவைக்கிற ஆள். மதியம் எல்லோரும் மிளகாய் எண்ணெய் ஊற்றிய நூடுல்ஸ் கிண்ணத்தோடு சுவரோரம் குந்தியிருப்போம். அவன் மட்டும் மூன்றாவது கிண்ணத்தில் இருப்பான்.

"அண்ணி, உங்க குழாய் நாளுக்கு நாள் பெருத்துக்கிட்டே போகுது. என் பங்கு சோறையும் அதுக்குத்தான் போடுறீங்களா?"

"உனக்குப் போடுறதுக்கு அதுக்கே போடலாம்டா. அதுவாவது திருப்பிக் கக்கிடும்."

"கக்கினதைத்தானே பாட்டில்ல அடைச்சு மெடல் வாங்குறாங்க நம்ம முதலாளி!"

அதற்கு ஹாவ் மேஸ்திரிகூடச் சிரிப்பார். தொட்டிக்கூடம் முழுக்க அவர் பொறுப்பு. எங்களில் யாரும் அந்த ஒயினைக் குடித்ததில்லை. புளிப்பு. ஆண்களுக்குச் சோளச்சாராயம்தான்.

சாய்லிங் கல்யாணமாகி வந்தபோது லாய்ஃபு பள்ளிக்கூடத்துப் பையன். மாமனார் இல்லாத வீடு. அவனுக்குக் கால்சட்டை தைத்துப் போட்டதும், பேன் பார்த்ததும், படிப்பு ஏறாமல் ஓடிவந்தபோது மாமியாரின் விறகுக்கட்டையிலிருந்து காப்பாற்றியதும் அவள்தான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் அவள் சொன்ன ஒரு வார்த்தையைக் கேட்டு அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அறுவடைக் காலத்தில் முன்பக்கம் வருகிறவர்கள் கல் மண்டபத்தையும் கண்ணாடிக் கோப்பைகளையும் பார்ப்பார்கள். பின்பக்கம் எப்போதும் ஈரம், கொசு மாதிரி அப்பும் பழ ஈக்கள், நகக்கண்ணில் ஏறிய கருநீலம். சிவப்பு ஒயின் புளித்து முடிந்ததும் அதை வடித்துவிடுவார்கள். தொட்டியின் அடியில் தோலும் கொட்டையுமாகச் சக்கை ஆளுயரத்துக்கு மிஞ்சும். தொட்டியின் அடிக்கதவு ஓர் ஆள் குறுகி நுழைகிற அளவுதான். அதைத் திறந்து நீளக் கைப்பிடி வாரியால் முடிந்தமட்டும் வெளியே இழுப்பார்கள். மீதியை யாராவது உள்ளே போய் மண்வெட்டியால் தள்ள வேண்டும்.

சக்கை மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கும். அது விடுவது கரியமில வாயு. கண்ணுக்குத் தெரியாது, கனமானது, அடியிலேயே தேங்கி நிற்கும். அதனால் முதலில் புளோயர் வைத்து நல்ல காற்றை ஊத வேண்டும், உள்ளே போகிறவன் கழுத்தில் வாயுவை அளக்கும் மீட்டர் மாட்டியிருக்க வேண்டும், கதவருகே ஒருவர் நகராமல் நிற்க வேண்டும். இதெல்லாம் சுவரில் சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை ஓர் அதிகாரி வந்து பாடம் நடத்துவார். தொட்டிக்குள் சாகிறவர்களில் பாதிக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள்தான் என்று அவர் சொன்னபோது நாங்கள் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கு முன்பக்கம் விருந்தாளிகள் வருவதாக இருந்தது. அவர்கள் நடந்துவரும் வழி ஈரமாக இருக்கக் கூடாதென்று புளோயரை அங்கே தூக்கிப்போய் தரையைக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். மீட்டர் சார்ஜில் கிடந்தது. சக்கையை ஏற்றிப்போக வந்த லாரிக்காரன் வாசலில் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தான். நான் கூடை கழுவ வாசல் குழாயடிக்கு வந்திருந்ததால் அண்ணன் தம்பி பேச்சு காதில் விழுந்தது.

"புளோயர் வரட்டும்டா," என்றான் தேஜுன்.

"அது விருந்தாளிக்குக் காத்து வீசப் போயிருக்கு. நமக்கு எப்ப வர்றது? மேல்மூடி காலையிலேருந்து திறந்துதான் கிடக்குண்ணே. எல்லாம் போயிருக்கும்."

லாரிக்காரன் மறுபடி ஹார்ன் அடித்தான்.

"அந்த ஆளுக்கு வேற பொழப்பே இல்லியா! சரி, சட்டுனு முடிச்சிட்டு வா," என்றான் தேஜுன்.

லாய்ஃபு மண்வெட்டியை முதலில் உள்ளே போட்டான். பிறகு தலையை நுழைத்துக் காலை இழுத்துக்கொண்டான். மண்வெட்டி இரும்பில் உரசும் சத்தம் கேட்டது. சக்கை நாலைந்து தடவை வெளியே வந்து விழுந்தது. ஏதோ பாட்டு முனகினான். அப்புறம் பாட்டும் இல்லை, சத்தமும் இல்லை.

"டேய்," என்றான் தேஜுன். "டேய், விளையாடாத."

அவன் குனிந்து பார்த்ததும் போட்ட கத்தல் மனிதக் குரல் மாதிரியே இல்லை. நான் ஓடிப்போய்ப் பார்க்கும்போது அவன் தலையும் ஒரு தோளும் கதவுக்குள் போயிருந்தன. அடுத்த தொட்டியின் ஏணியிலிருந்து சாய்லிங் குதித்தாள். நேராக வந்து அவன் இடுப்பு பெல்ட்டில் கைகொடுத்து, ஒரு காலைத் தொட்டியின் சுவரில் ஊன்றி, பின்னால் சாய்ந்து இழுத்தாள். வெளியே வந்து விழுந்தவனுக்கு அந்த ஒரு மூச்சிலேயே கண் செருகியிருந்தது. எழுந்தான். மறுபடி பாய்ந்தான். அவள் விடவில்லை.

"விடுடி! தொடுற தூரத்துல கிடக்கான்! விடு!"

முழங்கையால் அவள் வாயில் இடித்தான். ரத்தம் வந்தது. கையைக் கடித்தான். அவள் பெல்ட்டை இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மேஸ்திரி! புளோயர்! புளோயர்!" என்று அலறிக்கொண்டே இருந்தாள்.

நான் வாரியை எடுத்து உள்ளே விட்டுத் துழாவினேன். அது லாய்ஃபுவின் காலில் மாட்டியது. இழுத்தேன். ரப்பர் பூட்ஸ் மட்டும் வந்தது.

ஹாவ் மேஸ்திரியும் மற்ற ஆட்களும் புளோயரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். ஊதி, கயிறு போட்டு, ஒருவன் காற்றுக்குழாயை வாயில் பிடித்துக்கொண்டு உள்ளே போய், அவனை வெளியே எடுத்தபோது முகமெல்லாம் சக்கை. சாய்லிங் அப்போதுதான் பெல்ட்டை விட்டாள். தம்பியின் நெஞ்சைக் குத்திக் குத்தி அழுத்தினான் தேஜுன். ஆஸ்பத்திரி வண்டி வந்தது. அது அவசரமாகப் போய்ப் பயன் எதுவும் இல்லை. இரண்டு மூன்று மூச்சிலேயே முடிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். முடிந்திருக்கும் என்றுதான் சொன்னார். முடிந்தது என்று சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையில்தான் தேஜுன் தொங்கிக்கொண்டான்.

சாவுக்கு ஊரே வந்தது. எல்லோரும் சாய்லிங்கின் கையைப் பிடித்துக்கொண்டு, நீ மட்டும் இல்லையென்றால் இரண்டு சவப்பெட்டி தூக்கியிருப்போம் என்றார்கள். வீங்கிய வாயோடு அவள் தலையாட்டினாள். மாமியார் அவளைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தாள்.

"ஒண்ணு போச்சு. ஒண்ணு இருக்கு. அதுக்கு உனக்கு நன்றி சொல்லணுமாம், எல்லாரும் சொல்றாங்க," என்றாள். "வாய் வர மாட்டேங்குதும்மா. நீ ஒண்ணும் நினைச்சுக்காத."

தேஜுன் அவளிடம் பேசவே இல்லை.

கூடத்தைச் சில நாள் பூட்டிவைத்தார்கள். விசாரணைக்கு ஆட்கள் வந்தார்கள். ஹாவ் மேஸ்திரியை வேலையிலிருந்து நீக்கினார்கள். புளோயரை முன்பக்கம் தூக்கிப்போகச் சொன்னவர் யார் என்ற கேள்வி மட்டும் எங்கேயோ பாதியில் நின்றுவிட்டது. தொட்டிகளில் மீதி ஒயின் காத்திருக்காது என்று மறுபடி திறந்தார்கள்.

அதன் பிறகு ஒரு பாதுகாப்புக் கூட்டம். எங்களையெல்லாம் கண்ணாடிக் கோப்பை மண்டபத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். நான் அந்த மண்டபத்துக்குள் போனது அன்றுதான். விதிப்படி நடந்து ஓர் உயிரைக் காத்ததற்காக சாய்லிங்குக்குச் சான்றிதழ் கொடுத்து, நெஞ்சில் பெரிய சிவப்புத் துணிப்பூ குத்தினார்கள். போட்டோ எடுக்கிறவன் சிரிக்கச் சொன்னான். பின்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. தேஜுன் எழுந்து போய்க்கொண்டிருந்தான்.

அவள் பூவோடேயே என் பின்னால் குழாயடிக்கு வந்தாள்.

"விதியாம்," என்றாள். "அக்கா, எனக்கு அந்தப் பாடம், அந்த ஆளு சொன்னது, ஒண்ணுமே ஞாபகம் வரல. என் புருஷன் போகப்போறார்ங்கறது மட்டும்தான் தெரிஞ்சுது. உள்ள ஒருத்தன் கிடக்கான்னுகூட எனக்குத் தோணல. லாய்ஃபு பேரே என் மனசுல வரல."

"அதையெல்லாம் யார்கிட்டயும் சொல்லாத," என்றேன்.

"சொல்ல மாட்டேன்," என்றாள்.

நவம்பரில் கொடிகளை மண்ணில் புதைக்கும் வேலை. குளிரில் செத்துவிடாமல் இருக்க, ஒவ்வொரு கொடியையும் கம்பியிலிருந்து அவிழ்த்து, படுக்கவைத்து, மேலே மண் அணைக்க வேண்டும். டிராக்டர் மண்ணைப் புரட்டிக்கொண்டு போகும். விட்டுப்போனதை நாங்கள் மண்வெட்டியால் மூடிக்கொண்டே போவோம். அந்த மதியம் சாய்லிங் ஒரு வரிசையில், தேஜுன் எதிர் வரிசையில், நான் கொஞ்சம் பின்னால். காற்று மணலை வாரி அடித்தது. திடீரென்று தேஜுன் நின்றான். அத்தனை நாளில் முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தான்.

"ஒண்ணு கேக்குறேன். உண்மையைச் சொல்லு."

"கேளுங்க."

"உள்ள நான் விழுந்து கிடந்து, வெளியில அவன் நின்னிருந்தா? அவன் என்னைத் தூக்க உள்ள பாஞ்சிருந்தா, அவனைப் பிடிச்சிருப்பியா?"

ஆமாம் என்று சொல்லு, சொல்லித் தொலை என்று மனதுக்குள் கத்தினேன். சாய்லிங் மண்வெட்டிக் கட்டையின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றாள்.

"பிடிச்சிருக்க மாட்டேன்," என்றாள்.

தேஜுன் தலையை ஆட்டினான். கோபப்படவில்லை. எதிர்பார்த்த பதில்தான் போல. "சட்டுனு முடிச்சிட்டு வான்னு நான்தான் அவன்கிட்ட சொன்னேன்," என்றான். "அதுக்கு நான் உள்ள போயிருக்கணும். அதையும் நீ விடல." பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அந்த வரிசையை முடித்தான். மாலை வரை இரண்டு பேரும் எதிரெதிரே மண் அணைத்துக்கொண்டே போனார்கள்.

அடுத்த வாரமே அவன் தூரத்தில், ஷின்ஜியாங் பக்கம் சாலை போடும் வேலைக்குப் போய்விட்டான். அம்மாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனான்.

"பொய் சொல்லியிருக்கலாமேடி," என்று நான் பிறகு ஒரு நாள் அவளைத் திட்டினேன். "ஒரு வார்த்தை. என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

"அவருக்குத் தெரியும் அக்கா. தெரிஞ்சுதான் கேட்டாரு. பொய் சொல்லியிருந்தா அந்தப் பொய்யோட ஒரே வீட்ல எப்படி இருக்கிறது?"

"இப்ப மட்டும் இருக்கியா?"



அடுத்த அறுவடையில் ஒரு விஷயம் நடந்தது. புது மேஸ்திரி வந்திருந்தார். புளோயர் மூன்று வாங்கியிருந்தார்கள். ஆளுக்கொரு மீட்டரும் வந்தது. ஆனாலும் சக்கை அள்ள உள்ளே போகிற ஆண்கள், கதவருகே சாய்லிங் நின்றால்தான் போவோம் என்றார்கள். "அவ கை விடாது" என்றார்கள். அவளைக் குழாய் வேலையிலிருந்து எடுத்து அங்கே நிறுத்தினார்கள். காலையிலிருந்து மாலைவரை அடிக்கதவுக்குப் பக்கத்தில், உள்ளே போனவனின் இடுப்பில் கட்டிய கயிற்றை முழங்கையில் சுற்றிக்கொண்டு, மண்வெட்டிச் சத்தத்தைக் கேட்டபடி நிற்பாள். ஒரு தடவை உள்ளே போனவன் மூக்கைத் துடைக்க வேலையை நிறுத்தியிருக்கிறான். கூப்பிடக்கூட இல்லை, அப்படியே கயிற்றோடு வெளியே இழுத்துப்போட்டுவிட்டாள். அவன் தாடை கிழிந்தது. யாரும் சிரிக்கவில்லை. அவள் வெளியே வந்து வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பவும் போய் நின்றாள்.

வீட்டில் அவளும் மாமியாரும் மட்டும். குழந்தையும் இல்லை. அவள் செய்து வைக்கிறதை மாமியார் சாப்பிடுகிறாள், அவள் துணியையும் சேர்த்துத் துவைத்துப் போடுகிறாள். சண்டை ஒன்றும் கிடையாது. பேச்சும் அதிகம் கிடையாது. எல்லோரும் ஊர் திரும்புகிற வசந்த காலப் பண்டிகைக்கும் தேஜுன் வரவில்லை. அவ்வப்போது அம்மாவுக்கு மட்டும் போன் பண்ணுவான்.

போன வாரம் நான் அங்கே இருந்தபோது போன் வந்தது. சாய்லிங் அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கிழவிக்குக் காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்தான் போடுவாள். அவன் குரல் வீடு முழுக்கக் கேட்டது. குளிரைப் பற்றிச் சொன்னான், யாரோ கூட வேலை செய்கிறவனின் பல்வலியைப் பற்றிச் சொன்னான். நடுவில் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கிழவி அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

"இருக்கா," என்றாள் போனில்.

அந்தப் பக்கம் இரைச்சல் மட்டும். காற்றாக இருக்கலாம், லாரியாக இருக்கலாம். சாய்லிங்கின் கை மாவுக்குள் அப்படியே நின்றிருந்தது. பிறகு அவன், "சரிம்மா, வைக்கிறேன்," என்றான்.

கிழவி போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"சாப்பிட்டானாம்," என்றாள்.

அவன் அப்படி எதுவும் சொல்லவில்லை. நான் கேட்டுக்கொண்டுதானே இருந்தேன். சாய்லிங்கும்தான் கேட்டாள். "சரி அத்தை," என்று சொல்லிவிட்டு, மாவைத் திருப்பிப் போட்டாள்.