கறுக்குமா

ஆறு வாரத்தில் மூன்றாவது தடவையாகக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்ததும் என் அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"எல்லாம் இவ கைதான். கோழி வெட்டுற கை. அதே கையால ஊட்டினா புள்ளைக்கு எப்படி ஒத்துக்கும்? திங்கக்கிழமையோட வேலைய விட்டுடச் சொல்லுடா."

இவள் என்பது என் மனைவி. கறிக்கடையில் கோழி வெட்டுகிறாள். நாலு வருடமாகிறது. இரண்டு ஆள் வேலையை ஒருத்தியாகப் பார்க்கிறாள் என்று முதலாளி வாயாலேயே சொல்லியிருக்கிறார். அவள் கடைக்குப் போகிற நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அக்கா.

"வாசல்லயே முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுட்டுத்தான் உள்ள வர்றேன் அண்ணி. டாக்டர் முதல்ல தண்ணியத்தானே பாக்கச் சொன்னார்?"

"ஃபில்டர்காரன் வீட்டுத் தண்ணியிலயா குத்தம்? ஊருக்கே மாட்டிக் குடுக்கறவன்டி என் தம்பி."

பதினொரு வருடமாக வீடு வீடாகக் குடிநீர் ஃபில்டர் மாட்டுகிறேன், சர்வீஸ் பார்க்கிறேன். என் வீட்டுத் தண்ணீரே கெட்டது என்றால் என் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது? பையிலிருந்து மீட்டரை எடுத்து டம்ளரில் விட்டேன். முப்பத்தெட்டு என்று காட்டியது.

"பாரு. சுத்தம்" என்றேன், வேலைக்குப் போகிற வீடுகளில் சொல்லும் அதே குரலில்.

"அது உப்பை மட்டுந்தானே காட்டும்? கிருமி விஷயத்துல அது குருடுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

சொல்லியிருக்கிறேன். என் வாயே எனக்கு எதிரி.

கிருமிக்கு வேறு சோதனை இருக்கிறது. உள்ளே மருந்து போட்ட சின்னப் பாட்டில். கோடு வரைக்கும் தண்ணீர் பிடித்து, மூடி, வெதுவெதுப்பான இடத்தில் ஒரு நாள் வைக்கவேண்டும். குடலில் வாழும் கிருமி தண்ணீரில் இருந்தால் பாட்டில் மைபோலக் கறுத்துவிடும். என் பையில் இரண்டு கிடந்தன.

"தண்ணி நல்லா இருந்தா திங்கக்கிழமை நானே போய் முதலாளிகிட்ட சொல்லிட்டு வந்துடறேன்" என்றாள் மனைவி. "கறுத்துதுன்னா அண்ணி என் கையப் பத்தி இனிமே பேசக் கூடாது."

சனிக்கிழமை காலை நான் சோதனையில் இறங்கினேன். குழாய் வாயை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். இரண்டு நிமிடம் தண்ணீரை ஓடவிட்டேன். பாட்டில் விளிம்பில் விரல் படாமல் பிடித்தேன். அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, குழாயைப் பொண்ணு பாக்க வர்றாங்களா? இந்தக் குளிப்பாட்டு குளிப்பாட்டறீங்க?"

"முறை அப்படி."

"குட்டிக்கு நாம இப்படியா பிடிச்சுக் குடுக்கறோம்?"

குழந்தையை என்னிடம் தள்ளிவிட்டு இரண்டாவது பாட்டிலை எடுத்தாள். எங்கள் ஃபில்டர் சுவரில் உயரத்தில் இருக்கிறது. ஜக்கைத் தூக்கிப் பிடித்தால் அக்காவுக்குத் தோள்பட்டை வலிக்கும். அதற்காக இரண்டு வருடம் முன்பு குழாயில் ஒரு முழ நீள டியூப் செருகிக் கொடுத்திருந்தேன். சோதனைக்காக நான் கழற்றி வைத்ததை அவள் திரும்பச் செருகி, தினமும் பிடிப்பதுபோலவே பிடித்து மூடினாள்.

இரண்டிலும் அவரவர் பேர் எழுதி ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் சூடு அடிக்கிற இடத்தில் வைத்தோம். முடிவு தெரியும்வரை குழந்தைக்குக் கொதிக்கவைத்த தண்ணீர். அவள் கடைக்குப் போய்விட்டாள்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அன்றைக்கு மூன்று வீட்டில் சர்வீஸ் இருந்தது. முதல் வீட்டில் ஒரு ஸ்க்ரூவை வைத்த இடம் தெரியாமல் அரைமணி தேடினேன். இரண்டாவது வீட்டில் நான் செருகிக் கொடுத்த டியூப் ஒன்று, நுனி ஈர வாளிக்குள் கிடக்க, தொங்கியது. பார்க்காததுபோல வந்துவிட்டேன். மத்தியானம் வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தலையை விட்டேன். கறுக்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி விட்டேன்.

"பின்னால என்ன, முட்டை அடைகாக்குதா?" என்றாள் அக்கா.

மூன்றாவது வீட்டுக்கு நான் போகவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக் கூட்டம் முடிந்து அவள் வந்த பிறகு, மத்தியானம் மூன்று மணிக்கு எடுத்துப் பார்த்தோம். என் பாட்டில் பளிச்சென்று இருந்தது. அவள் பாட்டில் கரி.

அக்கா கையைத் தட்டினாள். "பாத்தியா? அதே ஃபில்டர், அதே தண்ணி. அவன் பிடிச்சது பளிங்கு, இவ பிடிச்சது சாக்கடை. கைதான்டி, கைதான்! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

மனைவி அக்காவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். வேறு பாட்டில் கிடையாது. நான் சும்மா இருந்தால் போதும். என் ஃபில்டரும் சுத்தம், என் பேரும் சுத்தம். நாளைக்கு அவள் போய்ச் சொல்லிவிட்டு வந்து வீட்டில் உட்கார்ந்துவிடுவாள். ஒரு டீ குடிக்கிற நேரம் நான் சும்மாதான் நின்றேன். அதை மறைக்க விரும்பவில்லை.

பிறகு டியூபை உருவினேன். கத்தியை எடுத்து நீளவாட்டில் கிழித்தேன். உள்ளே மூக்குச்சளிபோல ஒரு கோழை, நெடுக. நாற்றம் குப்பென்று அடித்தது.

"மோந்து பாருக்கா."

அக்கா இரண்டடி பின்னால் போனாள். அந்த டியூபின் நுனி எப்போதும் பாத்திரத் தொட்டிக்குள்தான் கிடக்கும். குழந்தை அசிங்கம் பண்ணின துணியை அலசுவதும் அதே தொட்டியில். அலசுவது அக்கா. யாரும் அதைச் சொல்லவில்லை. அவள் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துவிட்டு இடுப்பில் துடைத்துக்கொண்டாள்.

"இதை மாட்டினது யாரு?" என்றாள் மனைவி.

"நான்தான்."

"இதே மாதிரி இன்னும் எத்தனை வீட்ல?"

நான் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன்.

"நாளைக்கு நான் கடைக்குப் போறேன். நீங்க அந்த வீடுங்களுக்குப் போங்க. பேச்சு முடிஞ்சுது."

உள்ளே குழந்தை தண்ணீர் கேட்டு அழுதது. கொதிக்கவைத்தது தீர்ந்துபோயிருந்தது. அக்கா ஜக்கை எடுத்துக்கொண்டு போய் டியூப் இல்லாத குழாயின் கீழ் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். கால்வாசி நிறைவதற்குள் தோள் வலித்து ஜக் கீழே இறங்க ஆரம்பித்தது. என் மனைவி பக்கத்திலேயே நின்றாள். ஜக்கை வாங்கவில்லை.