சூலத்தடியில் ஒரு ஜின் போத்தல்

என் அப்பா அழகேசன் ஜின் திருடி வேலை போனவர். நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாடாங் மேஹா தோட்டத்தில் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். துரை பங்களாவில் அவர் சமையல்காரர். எனக்கு ஐந்து வயதிருக்கும்போது பங்களா அலமாரியிலிருந்து ஒரு ஜின் போத்தல் காணாமல் போனது. "திருப்பி வச்சிடு, வேலை இருக்கும்" என்று துரை ஆபீஸ் கிராணியிடம் சொல்லி அனுப்பினாராம். இந்த மனுஷன் வாயைத் திறக்கணுமே! மறுநாளே சட்டி பானையோடு லயத்து வீட்டை விட்டு இறங்கினோம்.

சாகும்வரை அவர் சொன்னது ஒன்றுதான்: "நான் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கல." யார் நம்புவது? அதே வாரம் என் கொலுசில் ஒன்றும் காணாமல் போயிருந்தது. அதையும் விற்றுக் குடித்துவிட்டான் பாவி என்று அம்மா கடைசிவரை கரித்துக் கொட்டினாள். நானும் சேர்ந்துகொண்டேன். செத்தவருக்குப் பிடித்ததைப் படையலில் வைப்பது வழக்கம். மற்ற வீடுகளில் பீரும் பிராந்தியும் வைப்பார்கள். நான் முப்பது வருஷமாகப் பச்சைத் தண்ணீர்தான் வைக்கிறேன். குடித்தது போதாதா என்ற ஆத்திரம்.

தோட்டத்தில் வீடு கட்டப் போகிறார்கள் என்று போன மாதம் முனியாண்டி கோவிலை இடம் மாற்றினார்கள். கோவில் தலைவர் பரஞ்சோதி அண்ணன் காலையிலேயே போன் செய்தார்.

"இராசாத்தி, உடனே வாம்மா. சூலத்தடியில தோண்டினோம். உங்கப்பா சமாச்சாரம்லா."

மகன் யோகேந்திரன் காரை எடுத்தான். அவன் பினாங்கு ஓட்டல் பாரில் வேலை செய்கிறவன்.

மூடி போட்ட மண்பானைக்குள் இருந்தது போத்தல். கழுத்தில் கட்டிய மஞ்சள் துணி தொட்டதும் பொடியாய் உதிர்ந்தது. துணிக்குள் கறுத்துப்போன ஒரு கொலுசு. மீன் வடிவக் கொக்கி வைத்தது. அதன் ஜோடி இன்னும் என் பீரோவில் கிடக்கிறது.

போத்தல் காணாமல் போன வாரம் நான் குளிம் ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடந்தேன், டாக்டர் கைவிரித்துவிட்டார் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். சாகக் கிடக்கும் பிள்ளையின் பொருளைப் போத்தலில் கட்டி முனியாண்டிக்குப் புதைப்பார்கள். வெளியே சொல்லக் கூடாது, திரும்ப எடுக்கவும் கூடாது. எடுத்தால் பிள்ளை தங்காது.

அப்போதும் என் புத்தி போன போக்கைப் பாருங்கள்! போத்தலில் இரண்டு விரல் அளவு குறைந்திருந்தது. மூடி துருவேறி, திறந்ததா திறக்காததா என்றே தெரியவில்லை. பாதியைக் குடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றிச் சாமியையும் ஏமாற்றியிருப்பாரோ?

"திறடா" என்றேன்.

முதலில் முனியாண்டிக்கு ஊற்றினார் பரஞ்சோதி அண்ணன். பிறகு யோகேந்திரன் ஒரு கிளாசில் கொஞ்சம் விட்டு மோந்து பார்த்தான். அவன் முகம் மாறியது.

"அம்மா, ஜின்ல போடுற எலுமிச்சைத் தோல் வாசம் போயிருச்சு. கொத்தமல்லி விதை இன்னும் அப்படியே நிக்குது. ஐம்பது வருஷம் கழிச்சும்..."

"தண்ணி கலந்திருக்கா? அதைச் சொல்லு."

நாக்கில் வைத்தான். தலையாட்டினான். "சுத்தமான ஜின்மா. குறைஞ்சது தானா ஆவியாப் போனது."

நான் கிளாசைப் பிடுங்கினேன். பிறந்ததிலிருந்து தொட்டதில்லை. சூடன் வாசம், அப்புறம் கசப்பு, அப்புறம் நெஞ்சு முழுக்கச் சூடு. அங்கேயே மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

"தாத்தா குடிக்கலடா," என்றேன். "ஒரு சொட்டுக்கூடக் குடிக்கலடா."

கொஞ்ச நேரம் கழித்து யோகேந்திரன் மெல்லக் கேட்டான். "மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போவோமா? இந்த வருஷம் தாத்தா படையல்ல வைக்கலாம்."

கொலுசைத் துடைத்து மறுபடியும் போத்தல் கழுத்தில் சுற்றி, புது இடத்துச் சூலத்தடியில் புதைக்கப் பரஞ்சோதி அண்ணன் கையில் கொடுத்தேன்.

"வேணாம்பா. எடுக்கிறதா இருந்தா அவர் அன்னிக்கே எடுத்திருப்பாரு."