ராமாயிக்குத் தரம் போட்ட வாரம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கேள்வித்தாளிலிருந்து கிடைத்தது. 1998இல் தஞ்சாவூரில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் ஆய்வுப் பணியாளராக இருந்தாள் என் தோழி ஞானாம்பாள். வாரந்தோறும் நோயாளிகளிடம் முப்பது கேள்விகள் கேட்டு எண் போடுவாள். வலி எவ்வளவு, தூக்கம் எப்படி, படி ஏற முடிகிறதா? தொந்தரவே இல்லையென்றால் ஒன்று, தாங்க முடியாவிட்டால் நான்கு. கடைசிக் கேள்வி மட்டும் வேறு மாதிரி: ‘கடந்த வாரம் உங்கள் வாழ்க்கைத் தரம் எப்படி இருந்தது?’ ஒன்று படுமோசம், ஏழு மிக நன்று.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்று ராமாயியின் கண்களிலும்…’

[வேண்டாம். அவள் அழவே இல்லையாம்.]

2

ராமாயிக்குக் குத்தாலம் பக்கம். ஐம்பத்திரண்டு வயது, கர்ப்பப்பை வாயில் புற்று. கணவர் மருதையன் குத்தகைக்கு எடுத்திருந்த மூன்று மா நிலத்தை, அதாவது ஒரு ஏக்கரை, அவர் இறந்தபின் அவளே பயிரிட்டுவந்தாள்.

கடைசிக் கேள்வியைக் கேட்டதும் சிரித்துவிட்டாள்.

“தரமா? நெலத்துக்குல்லம்மா தரம் போடுவாங்க. மனுஷிக்குமா?”

“ஒரு நம்பர் சொல்லுங்கம்மா.”

“ஒண்ணு போட்டுக்க.”

ஞானாம்பாளுக்குக் குழப்பம். அந்த வாரம்தான் இரத்தப்போக்கு நின்றிருந்தது. வலி குறைந்திருந்தது. டாக்டர் தியாகேசன் தாளைப் பார்த்துவிட்டு, “அந்தம்மாவுக்குக் கேள்வி புரியலை. திரும்பக் கேளுங்க” என்றார்.

[எனக்கும் சந்தேகம்தான். கட்டி கரைகிறது என்று சொன்ன வாரத்தில் ஒருத்தி ஒன்று போடுவாளா? ஒரு வரைவில் அதை நான்காக மாற்றினேன். ஞானாம்பாள் படித்துவிட்டு, “நீயும் டாக்டர் மாதிரியே பண்றியே” என்றாள். மறுபடியும் ஒன்றாக்கினேன்.]

3

இந்த முறை ஞானாம்பாள் தாளைக் கொண்டுபோகவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“ஏம்மா ஒண்ணு போடச் சொன்னீங்க?”

“போன வாரம் பூரா இதே கவலதாம்மா. வர்ற வெள்ளிக்கெழம எங்க வாய்க்காலுக்கு முறைத்தண்ணி வர்ற நாளு. அன்னிக்கு நடவு. நான் வயல்ல இல்லன்னா, ‘ராமாயி சாகுபடிய விட்டுட்டா’ன்னு நெலத்துக்காரப் பண்ணையோட காரியக்காரரு பஞ்சநதம் தாசில்தாருக்கு எழுதிக் குடுத்துடுவாரு. குத்தகைப் பதிவுல இன்னும் எம் பேரு ஏறல. நாளைக்கே ஊருக்குப் போறேன்.”

“உங்க பொண்ணு நாத்து நடக்கூடாதா?”

“நீலாம்பா கட்டிக்குடுத்த பொண்ணு. அவ நட்டா செல்லாதும்பாரு.”

“கரண்டு வைக்கிறது இன்னும் எட்டு நாள் பாக்கி. நடுவுல விட்டா கட்டி திரும்ப வளரும்மா.”

“கட்டி வளரும். போன நெலம் வளருமா?”

[கழகங்கள் மாறி மாறி ஆண்ட காலம். குத்தகைக்காரரைக் காக்கச் சட்டம் இருந்தது. பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் அது வரப்புவரை வரும். இதை விளக்கி இரண்டு பக்கம் எழுதினேன். ராமாயியே சொல்லிவிட்டதால் கிழித்துவிட்டேன்.]

ஞானாம்பாள் விரல்விட்டு எண்ணினாள். சனி, ஞாயிறு கரண்டு, அதாவது கதிர்வீச்சு, கிடையாது.

“வெள்ளிக்கெழமத் தண்ணிய ஞாயித்துக்கெழம வரைக்கும் தேக்கி வைக்க முடியாதா?”

ராமாயி முதன்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தாள். “மடைய அடைச்சா நிக்கும்… நீலாம்பா அடைப்பா.”

4

இங்கே டாக்டர் கத்துவதாக ஒரு காட்சி எழுதினேன். கதைக்கு ஒரு கெட்டவர் வேண்டுமே என்று. அவர் கத்தவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சேத்துல இறங்கக்கூடாது. வரப்புல உக்காரட்டும். திங்கக்கிழமை காலையில இங்க இருக்கணும்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ராமாயி சேற்றில் இறங்கினாள். முதல் நாற்று முடியைத் தானே பிரித்து ஒரு வரிசை நட்டாள். பஞ்சநதம் வரப்பில் வந்து நின்றார்.

“ஒடம்பு முடியாம எதுக்கு இதெல்லாம்?”

“முடியுதே. பாத்துக்கிட்டுத்தானே நிக்கிறீங்க?”

நடவுப் பெண்கள் சிரித்தார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார். திரும்பும் பஸ்ஸில் ராமாயிக்கு மறுபடியும் இரத்தம் பட்டது. அதைப் பிறகு ஞானாம்பாளிடம் மட்டும் சொன்னாள்.

5

திங்கட்கிழமைத் தாள்: வலி நான்கு, சோர்வு நான்கு. கடைசிக் கேள்விக்கு ஏழு.

டாக்டர் தாளோடு கட்டிலுக்கே வந்தார். “இறங்கினீங்களா?”

“ஒரு வரிசைதாங்க.”

“இவ்வளவு வலியோட ஏழா? எப்படிம்மா?”

“போன வாரத்தப் பத்தித்தானே கேட்டீங்க? போன வாரத்துல அந்த ஞாயித்துக்கெழம இருந்துச்சுல்ல.”

அவர் திரும்பக் கேட்கச் சொல்லவில்லை. மிச்சமிருந்த நாள்களுக்கும் ராமாயி கரண்டு வைத்துக்கொண்டாள்.

6

நோய் என்ன ஆயிற்று, நிலம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இரண்டு முடிவுகள் எழுதிவைத்திருக்கிறேன். ஒன்றில் பதிவேட்டில் பெயர் ஏறி, தை மாதம் ராமாயியே அறுக்கிறாள். இன்னொன்றில் நீலாம்பாள் தனியாக… [முடிக்க மனம் வரவில்லை.] ஆய்வு அந்த மாதத்தோடு முடிந்துபோனதால் ஞானாம்பாளுக்கும் தெரியாது.

உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரத் தாளையும் உங்களிடமே தருகிறேன். அவளைக் கேட்காமல் மட்டும் எண் போட்டுவிடாதீர்கள்.