படகு திரும்பும் மூலை

என் வீட்டுக்காரர் சுங்க அலுவலகத்தில் இருபத்தேழு வருஷம் கப்பல் காகிதங்களுக்கு முத்திரை குத்தியவர். அத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூடக் கடலில் போனதில்லை. வேலையை விட்ட மறுவாரமே முற்றத்தில் படகு கட்ட உட்கார்ந்துவிட்டார். மூன்று வருஷம். பதினாறடி நீளம், நாலடி அகலம், இரண்டு முனையும் கூர். நான் துணி வெட்டும் மேஜை வரைக்கும் மரத்தூள் வந்தது. என்னிடம் தைக்கக் கொடுத்தவர்கள் தும்மிக்கொண்டே சட்டையை வாங்கிப்போனார்கள். நானும் திட்டிக்கொண்டே தைத்தேன்.

படகு முடிந்த அன்றுதான், அதை எப்படி வெளியே கொண்டுபோவது என்று அந்த மகானுபாவர் யோசித்தார்.

சிரிக்காதவர்கள் தெருவில் இல்லை. வாசற்கதவை நிலையோடு பெயர்த்தால் வீட்டைத் தாண்டிவிடலாம், சரி. அப்புறம்? நாங்கள் இருப்பது பழைய துறைமுக ஊர். நானூறு வருஷத்துச் சந்துகள். ஆறடி அகலம் இருந்தால் அது ராஜபாட்டை. நாலு எட்டு வைத்தால் ஒரு திருப்பம். தலைக்குமேல் நிமிர்த்திக்கொண்டு போகலாமென்றால், எதிரெதிர் பால்கனிகள் கைகுலுக்கும் நெருக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. பலகை பலகையாக உள்ளே வந்த மரம், படகாக வெளியே போகமாட்டேன் என்றது.

இருந்ததோ வாடகை வீடு. சொந்தக்காரர் விற்றுவிட்டார். சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சாவியைக் கொடுத்தாக வேண்டும். தச்சு வேலை செய்யும் என் கொழுந்தன் வந்து பார்த்துவிட்டு, படகின் நடுவில் சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு போட்டான்.

“ரெண்டா அறுத்துடலாம் அண்ணி. வெளிய கொண்டுபோய் ஒட்டிக்கலாம்.”

“அடிக்கட்டை ஒரே மரம்டா,” என்றார் இவர். “அறுத்து ஒட்டினா அது கடல் தாங்காது. வீட்டுல வச்சு அழகு பாக்கலாம், அவ்வளவுதான்.”

அதோடு சரி. அன்று முழுக்க வாய் திறக்கவில்லை. மூன்று வருஷமாக நான் ஏங்கிய அமைதி. கிடைத்தபோது எனக்குப் பிடிக்கவேயில்லை.

வியாழக்கிழமை காலை இரண்டு சைக்கிளையும் வெளியே தள்ளினேன். “கிளம்புங்க. வழி இருக்கா இல்லையான்னு பாத்துட்டு அப்புறமா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கலாம்.”

முதலில் கோட்டைமதில் ஓரமாக ஊரைச் சுற்றினோம். அந்த மதிலை நான் இருபத்திரண்டு வருஷமாக முதுகுப்பக்கம் வைத்தே வாழ்ந்திருக்கிறேன். கிட்டே போய்ப் பார்த்ததில்லை. காரைக்குள் முழுமுழுச் சிப்பிகள். என் கை பருமனுக்கு இரும்பு வளையங்கள், தண்ணீரே இல்லாத இடத்தில். கப்பல் கட்டிய வளையங்கள் அவை. கடல் நூறடி தள்ளிப் போய்விட்டது, வளையங்கள் மட்டும் காத்துக்கொண்டிருந்தன. மதிலில் ஐந்து வாசல்கள், எல்லாமே படகுக்குப் போதும். வாசலுக்கு வந்து சேர்வதுதான் பாடு.

பிறகு பதினாறடி மூங்கில் ஒன்றை, அவர் சைக்கிள் முன்னால் என் சைக்கிள் பின்னால், இரண்டுக்கும் சேர்த்துக் கட்டினோம். அகலத்துக்கு நடுவில் நாலடிக் குச்சி குறுக்கே. சைக்கிள்களை உருட்டிக்கொண்டு சந்து சந்தாக நுழைந்தோம். “காத்தாடி விடப் போறீங்களா?” என்று ஒருவர் கேட்டார். முதல் சந்தில் மாட்டிக்கொண்டோம். இரண்டாவதிலும் அப்படியே. பின்னுக்கு இழுக்கும்போதெல்லாம் நான் அவரைத் திட்ட, அவர் மூங்கிலைத் திட்டினார்.

பழைய கிணற்றுச் சந்தின் திருப்பத்தில்தான் அது நடந்தது. இடிக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினேன். இடிக்கவில்லை. மூங்கில் வழுக்கிக்கொண்டு திரும்பியது.

சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பார்த்தேன். சுவரின் முனை தரையிலிருந்து தலையுயரம் வரை சீவப்பட்டிருந்தது. அதற்குமேல் மறுபடி கூர்முனை. எதிர்ச்சுவரில், மூங்கிலின் பின்முனை ஒதுங்குவதற்கு, உள்வாங்கிய ஒரு பள்ளம். சட்டைக்கு அக்குள் வெட்டுகிறவளுக்கு இது புரியாமல் போகுமா? கை தூக்கினால் இழுக்கக்கூடாதென்று வளைத்து வெட்டுவோமே, அதே வளைவு.

“ஏங்க, இது தேஞ்சதில்ல. வெட்டினது.”

அவர் அந்த முனையைத் தடவிப் பார்த்தார். “படகுக்குன்னே வெட்டியிருக்காங்க,” என்றார்.

அதற்குப்பின் நாங்கள் வழி தேடவில்லை. வழி எங்களைக் கூட்டிக்கொண்டு போனது. சீவிய முனை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் திரும்பினோம். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூன்று திருப்பம். ஒரு வளைவு வாசலுக்குக் கீழே, நாலடி அகலம் நுழையும்படி இரண்டு பக்கமும் குடைந்த கல். படிக்கட்டின் நடுவில் வழவழப்பான ஒரு சரிவு. குழந்தைகள் சறுக்குவதற்கென்று நான் நினைத்துக்கொண்டிருந்த சரிவு! காய்கறிப் பையோடு ஆயிரம் தடவை போன சந்துகள். இருவரும் தூங்குகிறவர்கள் பக்கத்தில் பேசுவதுபோல் மெல்லப் பேசிக்கொண்டோம்.

கடைசித் திருப்பம். அதற்கப்பால் நாற்பது எட்டு, மதில் வாசல், கடல். மூங்கில் குறுக்கே மாட்டிக்கொண்டது. இரண்டு சுவரும் கத்திபோல் கூராக இருந்தன. சீவலும் இல்லை, பள்ளமும் இல்லை.

வெள்ளிக்கிழமை பூராவும் மற்ற சந்துகளைப் பார்த்தோம். வேறு வழி கிடையாது. சனிக்கிழமை ஏழு மணிக்குக் கொழுந்தன் நாலு ஆட்களோடும் ரம்பத்தோடும் வந்தான்.

“அந்த மூலை வரைக்குமாவது தூக்குவோம்,” என்றேன். “அறுக்கிறதா இருந்தா அங்க அறுங்க.”

ஏழு பேர் தூக்கினோம். எல்லாத் திருப்பத்திலும் படகு அப்படியே வழுக்கிக்கொண்டு போனது. கடைசி மூலையில் முட்டி நின்றது. கொழுந்தன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் சாக்பீஸ் கோட்டைப் பார்த்தார். பிறகு, அறு என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. இவ்வளவு தூரம் கூட்டிவந்து கழுத்தை அறுக்கிறாயே என்று கடவுளைத் திட்ட அண்ணாந்தேன்.

வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. எங்கள் ஊர்ச் சந்துகளில் வானம் என்றால் ஒரு நாடா அகலம். இங்கே முழுச் சதுரமாக இருந்தது. நாலு வீட்டுக்கும் பால்கனி கிடையாது. மின்கம்பிகூடச் சுவரோடு ஒட்டிச் சுற்றிப் போனது.

“இந்த மூலையில மட்டும் ஏன் யாரும் பால்கனி வைக்கல?” என்று கத்தினேன்.

மாடி சன்னலிலிருந்து ஒரு அம்மாள் எட்டிப்பார்த்தாள். “அந்தக் கொடுமைய ஏன் கேக்கறீங்க? பத்திரத்துலயே எழுதியிருக்கு, இந்தப் பக்கம் ஒரு சாண்கூட நீட்டக்கூடாதுன்னு. நாலு வீட்டுப் பத்திரத்துலயும். எதுக்குன்னு எங்க தாத்தாவுக்கே தெரியாது. பதிமூணு வருஷமா அலையறேன், அனுமதி தரமாட்டேங்கறாங்க.”

கொழுந்தன் ரம்பத்தைக் கீழே போட்டான். மூலையில் சேர்ந்திருந்த குப்பையைக் காலால் தள்ளினான். அடியில் கல்லில் குடைந்த ஒரு குழி, உரல் அளவுக்கு.

“அண்ணே, நிமித்தணும். பின்முனை இதுல உக்காரும்.”

சாக்கை மடித்துக் குழியில் போட்டோம். பின்முனை உட்கார்ந்தது. கயிறு கட்டி ஏழு பேரும் தம் பிடித்தோம். படகு மெல்ல எழுந்தது. முற்றத்தில் மூன்று வருஷம் குப்புறக் கிடந்தது, அந்தச் சதுர வானத்துக்குள் நெட்டுக்குத்தாக நின்றது. முத்திரை குத்தியே காலம் கழித்த மனிதர் கயிற்றைப் பிடித்தபடி சத்தமாக அழுதார். நானும்தான்.

ஆனால் திரும்பவில்லை. கீழிருந்து தள்ளினால் மேல்பாகம் அசையவில்லை. முன்முனை சன்னலை ஒட்டி நின்றது.

“அக்கா, ஒரு கை குடுங்க!”

அந்த அம்மாள் சன்னல் கதவை விரியத் திறந்தாள். இடுப்புவரை வெளியே சாய்ந்து, இரண்டு கையையும் படகின் முன்முனையில் வைத்துத் தள்ளினாள். படகு குழியில் கிறீச்சென்று சுழன்று கடலைப் பார்த்தது.

கயிற்றைத் தளர்த்தி இறக்கினோம். படகு தரையைத் தொடுமுன் அவள் படியிறங்கி ஓடிவந்துவிட்டாள். காலில் செருப்பில்லை.

“இதுக்கா விட்டு வச்சிருந்தாங்க!” என்றாள். அண்ணாந்து தன் வீட்டின் மொட்டைச் சுவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு கொழுந்தனைத் தள்ளிவிட்டு அவன் இடத்தில் தோளைக் கொடுத்தாள். “தூக்குங்க. நானும் வர்றேன்.”