தாம்சின் பற்ற வைக்காத அடுப்பு

1

"தண்ணி ஊத்தியாச்சு. டர்னிப் கிழங்கும் நறுக்கிப் போட்டாச்சு. நெருப்பு மட்டும்தானம்மா மிச்சம்?"

"ஆமா. அது மட்டும்தான்."

"அப்ப பத்த வையேன். மணி பதினொண்ணரை ஆகப்போகுது."

"ஆகட்டும். அவசரம் உங்களுக்கு. எனக்கென்ன ஓட்டா இருக்கு?"

இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். கெஞ்சுகிறவர் கிராப், ஒரு வேட்பாளரின் தேர்தல் முகவர். அடுப்புக்கு முன்னால் கைகட்டி நிற்கிறவள் தாம்சின், கம்பளி சீவும் ஜேபஸ் யோவின் மனைவி. வருஷம் 1768. இவர்களை நான் கண்டுபிடித்த இடம் ஒரு காலி இடம்.

அவர்கள் ஊரான ஆல்டர்கூமின் தேவாலயத்தில் மழைக்கு ஒதுங்கியிருந்தேன். சுவரில் ஒரு பளிங்குப் பலகை: சர் ஆம்ப்ரோஸ் ஹெலியர். படைவீரர். தூதர். அடுத்த வரியை ஈரம் தின்றுவிட்டது. எங்கள் ஊரில் ஈரம் தின்னாத சுவர் கிடையாது. ஆனால் இவ்வளவு பார்த்துப் பார்த்துத் தின்ற ஈரத்தை அன்றுதான் கண்டேன். அங்கே 'நாடாளுமன்ற உறுப்பினர்' என்று இருந்திருக்கலாம். 'அன்பான கணவர்' என்றும் இருந்திருக்கலாம். அந்தக் கையகல இடத்தில்தான் இந்தக் கதையை எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: 'ஆம்ப்ரோஸ் ஹெலியர் பிறந்தபோது' – வேண்டாம். எல்லோரும்தான் பிறக்கிறார்கள்.

இரண்டாவது: 'பீரங்கிகள் முழங்க, குதிரைகள் கனைக்க, அந்த ஜெர்மன் சமவெளி' – இதுவும் வேண்டாம். நான் பீரங்கிச் சத்தம் கேட்டதில்லை. பள்ளத்தில் விழுந்திருக்கிறேன். ஆகவே பள்ளத்திலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு கோட்டை. அதைச் சுற்றி ஒரு பள்ளம், அதில் இடுப்பளவு சேறு. தொடையில் குண்டு பாய்ந்த கேப்டன் ஹெலியரை ஒரு சிப்பாய் முதுகில் தூக்கிக்கொண்டு போகிறான்.

"ரொம்பக் கனம் சார் நீங்க."

"நேத்து வாத்துக் கறி சாப்பிட்டேன்."

"நாங்க காஞ்ச ரொட்டி. அதான் பாருங்க, நான் உங்களத் தூக்குறேன். நீங்க என்னைத் தூக்கல."

கேப்டனுக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்தது. "உன் பேர் என்னப்பா?"

"எனோக் டக்கெட் சார். ஆல்டர்கூம்."

"மறக்க மாட்டேன்."

"அதெல்லாம் கரையேறுனப்புறம் பேசிக்கலாம். இப்ப கால உதறாம வாங்க."

[இந்தக் கடைசி வரியை மூன்று தடவை அடித்து நீக்கினேன். மூன்று தடவையும் அவனே திரும்ப வந்து சொன்னான்.]

கரையேறினார்கள். மூன்றாம் நாள் அந்தச் சிப்பாயும் இன்னும் பத்துப் பேரும் எதிரியிடம் சிக்கி அதே கோட்டைக்குள் கைதிகளானார்கள்.

3

கேப்டனின் கால் கோணலாகத்தான் கூடியது. இனிக் குதிரை ஏற முடியாது. ஆனால் அவருடைய பிரெஞ்சு கோணலில்லாதது. கைதிகளை மாற்றிக்கொள்ளப் பேசுவதற்கு அவரை அனுப்பினார்கள். அவருக்கு முன் போன மூவர் மூன்று மாதத்தில் முடிக்காததை ஒரே பிற்பகலில் முடித்துவிட்டு வந்தார்.

எப்படி முடித்தார் என்பதுதான் இந்தக் கதை. முன்னால் போனவர்கள் ஒவ்வொரு பெயருக்கும் சண்டை போட்டிருந்தார்கள். இவர் ஏழு அதிகாரிகளைப் பெயர் சொல்லிக் கேட்டார். அதற்குக் கீழே ஒரே வரி: சாதாரணச் சிப்பாய்கள், பதினொருவர்.

"பெயர்கள்?" என்று கேட்டார் கோட்டைத் தலைவர்.

"எண்ணிக்கை போதும். உங்கள் சூப் ஆறுகிறது."

கோட்டைத் தலைவர் நன்றியோடு கையெழுத்திட்டார். பிறகு தன் ஆஸ்பத்திரியில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த, வேறு ஏதோ படைப்பிரிவைச் சேர்ந்த பதினொரு நோயாளிகளை வண்டியில் ஏற்றி அனுப்பினார். எண்ணிக்கை சரியாக இருந்தது. லண்டன் மகிழ்ந்தது. ஹெலியர் தூதரானார், சர் ஆனார்.

இவரைக் கெட்டவராக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். முடியவில்லை. பதினெட்டுப் பேர் அவரால் வீடு திரும்பினார்கள். நோயாளிகளின் அம்மாக்களும் அம்மாக்கள்தான்.

4

[இந்தப் பகுதியில் ஒரு நடன விருந்து இருந்தது. மெழுகுவத்திகள், பவுடர் பூசிய விக்குகள், சர் ஆம்ப்ரோஸ் நொண்டிக்கொண்டே ஆடும் ஒரு நடனம். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கதைக்குப் பிடிக்கவில்லை. எடுத்துவிட்டேன்.]

5

ஆல்டர்கூமில் சொந்த அடுப்பில் பானை கொதிக்கவைக்கிறவனுக்குத்தான் ஓட்டு. சந்தேகம் என்று யாராவது கை தூக்கினால், அந்த ஓட்டுக்காரன் தன் வாசலில் அடுப்பு வைத்து ஊர் பார்க்கக் கொதிக்கவைத்துக் காட்ட வேண்டும். நெருப்பை அந்த வீட்டு ஆள் ஒருவர் கைதான் மூட்ட வேண்டும். பன்னிரண்டு மணியோடு வாக்குப்பதிவு முடிந்துவிடும்.

சர் ஆம்ப்ரோஸ் நாடாளுமன்றத்துக்கு நின்ற அன்று, அவருக்கும் எதிராளிக்கும் ஆளுக்கு நாற்பத்தொரு ஓட்டு. மிச்சம் ஜேபஸ் யோ ஒருவன். அவன் சர் ஆம்ப்ரோஸுக்குத்தான் போடுவதாக இருந்தான். தெரிந்ததும் எதிர்க்கட்சிக்காரர்கள் கை தூக்கிவிட்டார்கள்.

"ஜேபஸ், நீயே பத்த வையேன்யா," என்றார் கிராப்.

"சிக்கிமுக்கிக் கல்லு அவ மடியில இருக்கு. தைரியம் இருந்தா நீங்க போய்க் கேளுங்க."

கூட்டம் சிரித்தது. தாம்சின் சிரிக்கவில்லை. "ஓட்டு உன்னுது. யாருக்கு வேணா போடு. அடுப்பு என்னுது."

அதற்குள் சர் ஆம்ப்ரோஸே நொண்டிக்கொண்டு வந்துவிட்டார். பின்னால் இரண்டு பேர் பிடித்திருந்த துணியில் 'வீரர்களின் தோழர்' என்று எழுதியிருந்தது. அவருக்கு இந்த ஒரு ஓட்டு வேண்டும். தூதர் வேலை போன வருஷத்தோடு முடிந்துவிட்டது. காலும் போய், பேச இடமும் போனால் அவர் யார்?

"என்னம்மா வேணும் உங்களுக்கு?"

"காசு வாங்கற ஆளு நான் இல்ல சார். எந்தம்பி கோட்டைக்குள்ள இருந்து யாரையோ பிடிச்சு ஒரு கடுதாசி எழுதினான். பாதிரியார் படிச்சுக் காட்டினாரு. கேக்குறீங்களா?"

"சொல்லுங்க."

அவள் மனப்பாடமாகச் சொன்னாள். "'அக்கா, கவலப்படாத. கைதிங்கள மாத்திக்கப் போறாங்களாம். பேச வர்றவரு நான் முதுகுல தூக்கிட்டு வந்த ஆளு. எம்பேரு அவருக்குத் தெரியும்.' அவ்ளோதான் சார். அதுக்கப்புறம் கடுதாசி வரல. அவனும் வரல."

துணியைப் பிடித்திருந்தவர்களில் ஒருவன் அதைத் தாழ்த்தினான். சர் ஆம்ப்ரோஸ் தொப்பியைக் கழற்றினார். சேற்றின் குளிர், நனைந்த கம்பளி நாற்றம், காதுக்குப் பக்கத்தில் அந்த மூச்சு, எல்லாம் அவருக்குத் திரும்ப வந்தது.

"வாத்துக் கறி," என்றார் மெதுவாக. "அவன் அதுக்கு ஒரு கிண்டல் பண்ணினான். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்மா."

"எல்லாம்னா?"

கூட்டத்தில் பாதிப் பேர் அவள் தம்பியோடு விளையாடி வளர்ந்தவர்கள். ஒருவரும் எடுத்துக் கொடுக்கவில்லை. ஜேபஸ் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

6

முடிவு ஒன்று: அவர் சொல்லிவிடுகிறார். பானை கொதிக்கிறது. ஜெயித்த அவரை நாற்காலியில் வைத்துத் தெருத்தெருவாகத் தூக்கிப் போகிறார்கள். இரண்டாவது முறையாக ஆல்டர்கூம்காரன் முதுகில்.

முடிவு இரண்டு: தெரியவில்லை என்று ஒத்துக்கொள்கிறார். அந்த நேர்மைக்காக அவள் இரங்கி – இல்லை. தாம்சின் இரங்க மாட்டாள். அவளை எனக்குத் தெரியும்.

முடிவு மூன்று: மணி பன்னிரண்டு அடிக்கிறது. இது மணியடிப்பவன் எழுதும் முடிவு.

மூன்றையும் முழுதாக எழுதிப் பார்த்தேன். மூன்றும் நன்றாகவே வந்தன. ஆனால் என் கையில் பேனா இருக்கிறது. அந்தப் பெயரை அவர் வாயில் நான் வைத்தால், ஞாபகம் வைத்திருந்தது நான் என்றாகும், அவரல்ல.

உங்களிடம் அது இருக்கிறது. பள்ளத்தில், ஒரே ஒரு தடவை, அவன் உங்கள் காதுபடச் சொன்னான். நீங்கள் வாத்துக் கறிக்குச் சிரித்துவிட்டு மேலே வந்துவிட்டீர்கள். பக்கத்தைத் திருப்பாதீர்கள். சர் ஆம்ப்ரோஸுக்குத் திருப்பப் பக்கம் இல்லை.

அவர் கிராப்பைப் பார்க்கிறார். கிராப் என்னைப் பார்க்கிறார். நான் பேனாவை மூடிவிட்டு உங்களைப் பார்க்கிறேன். தாம்சின் மடியிலிருந்து கல்லை எடுத்துவிட்டாள். ஒரு கையில் கல், இன்னொரு கையில் இரும்பு.

"பெருசா ஒண்ணும் கேக்கல சார். எந்தம்பி பேரச் சொல்லுங்க."