தாய்வீட்டுக் கவுன்

என் மகள் மணிமொழியின் குழந்தைக்குக் காதுகுத்து வைத்தார்கள். காதுகுத்துக்குத் துணி கொண்டுபோவது தாய்வீட்டின் உரிமை. ஆனால் போன பொங்கலுக்கு நாங்கள் வாங்கிக் கொடுத்த கவுன் ஒரே துவைப்பில் சாயம் போய்விட்டதாம். அதைச் சிங்கவரத்துச் சம்பந்தி கன்னியப்பன் நாலு பேர் முன்னால் சொல்லிக் காட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை.

“இந்தத் தடவ கடைத் துணியே கெடையாது சம்பந்தி. எங்க வூட்டுக் கையால தெச்ச கவுனுதான் வரும்” என்று சொல்லிவிட்டேன்.

நான் நினைத்தது என் மனைவி வள்ளியம்மாளின் கையை. அவளோ, “வாய் குடுத்தவரு கையும் குடுக்கட்டும்” என்று ஊசியையும் நூல்கண்டையும் என் முன்னால் வைத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

நாற்பது வருடம் அடித்தல் திருத்தல் இல்லாமல் பத்திரம் எழுதிய கை இது. ஒரு கவுனுக்கா அஞ்சும்? பக்கத்து வீட்டு ஜாஹிதா பேகம் ஊர் முழுக்க ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். அவரை வரவழைத்து, தெருக்கதவைச் சாத்திக்கொண்டு பாடம் கேட்டேன்.

“பழைய கவுன துணிமேல வெச்சி, சுத்தி ஒரு வெரல் தள்ளி வெட்டுங்கண்ணே. உள்பக்கத்த வெளிய திருப்பி ஓரத்த தெய்ங்க. அவ்ளோதான்.”

அப்படியே செய்தேன். மூன்று நாள் உழைத்து, கோடு போட்ட மாதிரி தைத்துக் காட்டினேன். ஜாஹிதா அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“தையல் அழகா இருக்குதுண்ணே. ஆனா புள்ள எந்த வழியா உள்ள போவும்?”

கழுத்து, கை, கீழ்ப்பக்கம் எல்லாவற்றையும் சேர்த்து மூடித் தைத்திருந்தேன்.

“தலகாணி ஒற வேணும்னா இப்டியே வெச்சிக்கலாம்” என்றாள் வள்ளியம்மாள் உள்ளிருந்து.

பிரித்துவிட்டு மறுபடி தைத்தேன். பதினோராம் நாள் கீழ் ஓரத்தை மடித்துத் தைக்கும் வேலை மட்டும்தான் பாக்கி. “மடியில வெச்சி தெக்காதீங்க, பலகை மேல வெச்சி தெய்ங்க” என்று ஜாஹிதா சொல்லியிருந்தார். காய் நறுக்குகிறவன் மாதிரி பலகையைப் போட்டுக்கொண்டு உட்காருவது எனக்குச் சரிப்படவில்லை. பாயில் சம்மணமிட்டு, மடியில் விரித்துத்தான் தைத்தேன்.

வாசலில் பைக் சத்தம் கேட்டது. கதவைத் திறந்த வள்ளியம்மாள், “சம்பந்தி வந்துட்டாரு! தட்டோட வந்துட்டாரு!” என்றாள்.

கவுனைப் பக்கத்தில் கிடந்த பேப்பருக்கு அடியில் தள்ளப் பார்த்தேன். கூடவே வேட்டியும் வந்தது. ஒரு சாண் நீளத்துக்கு இரண்டையும் சேர்த்துத் தைத்திருக்கிறேன்!

கன்னியப்பனும் அவர் மனைவியும் வெற்றிலை, பழம், பத்திரிகை வைத்த தட்டோடு உள்ளே வந்தார்கள். சம்பந்தி கொண்டுவரும் தட்டை எழுந்து நின்று, இரண்டு கையாலும் வாங்கவேண்டும். உட்கார்ந்தபடி வாங்குவதும் செருப்பைக் கழற்றி அடிப்பதும் எங்கள் பக்கத்தில் ஒன்றுதான். நான் பேப்பரை மடிமேல் விரித்து, “வாங்க, உக்காருங்க” என்றேன்.

“தட்ட குடுத்துட்டு உக்கார்றோம். எழுந்திருங்க சம்பந்தி.”

“கால் மரத்துப்போச்சு. கொஞ்சம் இருங்க.”

இருந்தார். நானும் இருந்தேன். அவர் முகம் கறுத்தது.

“இன்னா, எங்க தட்ட நின்னு வாங்குனா கௌரவம் கொறஞ்சிடுமா? சரி, தாய்வீடு இல்லாமயே காது குத்திக்கறோம்.” மனைவியைப் பார்த்து, “வாடி போலாம்” என்றார்.

பேத்தியின் காதுகுத்தில் தாய்வீடு இல்லை என்ற பேச்சு வரலாமா? எழுந்து நின்றேன். பேப்பர் விழுந்தது. நீலப் பூப்போட்ட கவுன் என் இடுப்புக்குக் கீழே தொங்கியது. நூல் நுனியில் ஊசி ஆடியது. நான் நிமிர்ந்தே நின்று, இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டேன்.

கன்னியப்பன் குனிந்து பார்த்தார்.

“நீங்களே தெக்கறீங்களா சம்பந்தி?”

“ஆமா.”

கவுனைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். “மெதுவா, மெதுவா!” என்று கத்தினேன். தையல் ஒன்றுகூட விடவில்லை. இன்னும் இழுத்திருந்தால் வேட்டிதான் அவிழ்ந்து போயிருக்கும்.

“இது தோச்சாலும் போவாது” என்றார்.

அவர் மனைவி நூலை வெட்டிவிடலாம் என்றார். பதினோரு நாள் உழைப்பை வெட்ட நான் சம்மதிக்கவில்லை. “வேட்டிய வெட்டு” என்று வள்ளியம்மாளிடம் சொன்னேன். சம்பந்தி மரியாதையாகச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

காதுகுத்தன்று குழந்தை அந்தக் கவுனைத்தான் போட்டிருந்தாள். உள்ளே ஒரு சாண் கரைவேட்டி. கன்னியப்பன் வருகிறவர்களுக்கெல்லாம் கவுனின் ஓரத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

“எங்க சம்பந்தி தான் கட்டுன வேட்டியவே உள்ள குடுத்து தெச்சிருக்காரு. எவன் வூட்ல செய்வான்?”

ஜாஹிதா வாயைப் பொத்திக்கொண்டு பந்தலுக்குப் பின்னால் போனார். சம்பந்தியின் தம்பி விநாயகம் என்னைத் தனியாக அழைத்தார்.

“எம் பேத்திக்கும் ஒண்ணு தெச்சிக் குடுங்களேன். வேட்டி நானே தரேன்.”