சுவரைப் பார்த்து வாசித்தவன்

மார்ச் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை மாலை, ஒரு மோட்டார் பட்டறைக்கு மேலே இருந்த ஒத்திகை அறையில், இசைக்குழுவின் பாடகி தன் கொழுந்தனிடம், "நான் பாடும்போது என் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கலைன்னா நாளையிலேருந்து வராதே" என்று சொன்னாள். கீபோர்டு வாசிக்கும் அவள் கணவரும் டிரம்மரும் கூட இருந்தார்கள்.

கொழுந்தன்தான் குழுவின் கிதார்காரன். அண்ணி மெல்லிய பாட்டைத் தொடங்கினால் போதும், மேடையில் பக்கத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான். ஆட்டம்பாட்டம் என்றால் நேராக நிற்பான். ஒரு வருஷமாக அவளும் பொறுத்துப் பார்த்தாள். போன நிகழ்ச்சியின் வீடியோவில் அவள் கண்ணை மூடி உருகிக்கொண்டிருக்க, பின்னால் இவன் முதுகு தெரிந்தது. அதற்கு மேல் தாங்கவில்லை.

மறுவாரம் அவன் கிதாரையும் ஓர் அட்டைப்பெட்டியையும் அவள் வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தான். பெட்டியில் புது பிக்கப் இரண்டு, ட்யூனிங் சாவி ஆறு. மாற்றிக் கொடுக்க முடியுமா என்று கேட்டான். காது கேட்கும் கருவிகளைப் பழுது பார்ப்பது அவள் வேலை. மயிரிழைக் கம்பியைப் பற்றவைப்பது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்தக் கிதார் அவனைவிட வயதில் மூத்தது. அதன் ஒரு திருகாணியைக்கூட அவன் யாரையும் தொட விட்டதில்லை. சமாதானத்துக்கு வந்திருக்கிறான் என்று எடுத்துக்கொண்டாள். உள்ளூரக் கொஞ்சம் கெத்தாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். பழைய சாவிகளின் பல் தேய்ந்து, முறுக்கினால் வழுக்கின. ஆறையும் கழற்றிப் புதியதை மாட்டினாள்; கம்பிகள் சுருதியில் நின்றன. அடுத்தது பிக்கப். கம்பிகளுக்கு அடியில் இருந்து, அவற்றின் அதிர்வை வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் காந்தச் சுருள் அது. எதையும் கழற்றுமுன் இருக்கிற நிலையைக் கேட்டு வைத்துக்கொள்வது அவள் தொழில் பழக்கம். சின்ன ஆம்ப்ளிஃபையரில் செருகி, கிதாரை மடியில் வைத்து மீட்டினாள். கனிந்த குரல், ஓரத்தில் லேசான கரகரப்பு. கண் கூசியதால் மேசை விளக்கின் குமிழைத் திருகி வெளிச்சத்தைக் குறைத்தாள்.

ஸ்பீக்கரிலிருந்து ஙொய்யென்று இரைச்சல் கிளம்பியது.

விளக்கை முழுசாக வைத்தாள், அடங்கியது. குறைத்தாள், வந்தது. எங்கோ ஒயர் விட்டிருக்கிறது என்று நினைத்து, ஸ்க்ரூடிரைவரை எடுக்க நாற்காலியோடு திரும்பினாள். இரைச்சல் நின்றது. மேசைப் பக்கம் திரும்பினாள்; வந்தது. மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பினாள். நின்றது.

ஒயர் விடவில்லை; குறைத்த விளக்கின் இரைச்சலைப் பழைய பிக்கப் இழுத்துக்கொள்கிறது, கிதாரைத் திருப்பினால் விட்டுவிடுகிறது. மெல்லிய பாட்டுக்கு மேடை விளக்கைப் பாதியாகக் குறைக்கச் சொல்வது அவள்தான். எதிரே இருக்கிற முகங்கள் தெரிந்தால் அவளுக்கு வரி மறந்துபோகும்.

கிதார் மடியிலேயே கிடந்தது. அன்று சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அதிலும் 'மூஞ்சி' என்ற சொல் போகவே மாட்டேன் என்றது.

எல்லார் முன்னாலும் திட்டியதை எல்லார் முன்னாலும்தான் திரும்பப் பெற வேண்டும் என்று அடுத்த ஒத்திகைக்குப் போனாள். படியேறும்போது கோவையாக இருந்த பேச்சு அறைக்குள் போனதும் தடுமாறியது. விளக்கு, இரைச்சல், சுவர் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தாள். யாரும் ஆச்சரியப்படவில்லை. டிரம்மர் குச்சியால் முதுகைச் சொறிந்துகொண்டார்.

"அது எங்களுக்குத் தெரியும் தங்கச்சி. காது மெஷின் ரிப்பேர் பண்றவளுக்கு இது புரியலையேன்னுதான் பேசிக்குவோம்."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் கீபோர்டு ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார். அன்று அவள் திட்டியபோதும் அவர் அதே ஒயரைத்தான் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஏன்டா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கொழுந்தனைக் கேட்டாள்.

"சொன்னா லைட்டைக் குறைக்க வேணாம்னுடுவீங்க. அப்புறம் பாட்டு வராது. சுவரைப் பார்க்கறதுல எனக்கென்ன நஷ்டம்?" அவன் சிரித்தான். "புதுசைப் போட்டுடுங்க அண்ணி. அதுல இரைச்சல் வராது. சத்தம்தான் கொஞ்சம் வேற மாதிரி இருக்கும், பழகிக்கலாம்."

அந்தச் சிரிப்பைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை. "போட மாட்டேன்" என்றாள். மன்னிச்சுக்கோ என்பது அதற்கு முன்னால் வந்திருக்க வேண்டும்.

ஏப்ரல் முதல் சனிக்கிழமை நிகழ்ச்சியில், மெல்லிய பாட்டுக்கு விளக்கைக் குறைக்க வேண்டாம் என்று விளக்குக்காரரிடம் அவளே போய்ச் சொன்னாள். முன்வரிசை முகங்கள் எல்லாம் தெரிந்தன. இரண்டாம் சரணத்தில் அவளுக்கு ஒரு வரி விட்டுப்போனது. கொழுந்தன் நேராகப் பார்த்தபடி வாசித்தான். பிக்கப்புகள் பிரிக்காத உறையோடு கடைக்குத் திரும்பின. புதுச் சாவிகள் மட்டும் கிதாரில் இருக்கின்றன.